பெட்டி வேறு, பலகை ஒன்று: சி.பி. வானொலிகள் உள்ளே ஒரே மாதிரி இருப்பது ஏன்?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு தொழில் சங்கதி நன்றாகத் தெரியும். கடை அலமாரியில் ஐந்து பெயரில் அடுக்கியிருக்கும் தேயிலைப் பொட்டலங்கள் ஐந்து ஆலைகளிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை. ஒரே சரிவில் பறித்த கொழுந்து ஒரே ஆலையில் வாடி, உருண்டு, புளித்து, காய்ந்து, சலிக்கப்பட்டுப் பல பெயர்களில் வெளியே போகலாம். அப்போது மாறுவது பொட்டலத்தின் படமும் விலையும்தான்.

லோரிகளிலும் நான்கு சக்கர வாகனங்களிலும் பொருத்தப்படும் சி.பி. வானொலிக்கும் இதே கதை உண்டு. மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் பெயர் பொறித்த மூன்று பெட்டிகளைத் திருகாணி கழற்றித் திறந்து பார்த்தால், உள்ளே இருக்கும் சர்க்கிட் பலகை அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். முதன்முதலாகப் பார்ப்பவருக்கு இது போலிச் சரக்கோ என்ற சந்தேகம் வரும். போலி அல்ல. அதற்குப் பின்னால் சட்டம், கணக்கு, வணிகம் மூன்றும் சேர்ந்த அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

மலைக்கு ஏன் இந்தப் பேச்சு?

1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம் முதல் வடக்கே புளூ வேலி வரை, கேமரன் மலைத் தோட்டங்கள் எல்லாமே மேடும் பள்ளமுமானவை. ஒரு வளைவு தாண்டினால் கைப்பேசியில் கோடு குறைகிறது. இன்னொரு வளைவில் முற்றாக மறைகிறது. 2013 அக்டோபரில் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனதை ரிங்லெட் மக்கள் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் மீண்டும் வெள்ளம் வந்தது. கோபுரமும் மின்சாரமும் இல்லாமல் இரண்டு பேர் நேரடியாகப் பேசிக்கொள்ள உதவும் கருவி இப்படிப்பட்ட ஊரில் விளையாட்டுச் சாமான் அல்ல. அதை வாங்கும்போதும் பழுது பார்க்கும்போதும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பது காசையும் காலத்தையும் மிச்சப்படுத்தும்.

மலேசியாவில் சி.பி. வானொலிக்கு வழி பிறந்தது 2000 ஏப்ரல் 1ஆம் தேதி. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அன்று வெளியிட்ட வகுப்பு ஒதுக்கீட்டின்படி, விதிகளுக்கு உட்பட்ட கருவியைத் தனி உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம். இதில் 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 26.965 முதல் 27.405 வரை 40 அலைவரிசைகள் உண்டு. 477 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 477.0125 முதல் 477.4875 வரை 39 அலைவரிசைகள் உண்டு. 9ஆம் அலைவரிசை அவசரத்துக்கு, 11ஆம் அலைவரிசை அழைப்புக்கு. நம்மில் பலர் 'வாக்கி-டாக்கி' என்று சொல்லிக் கையில் வைத்திருப்பது இந்த 477 வகைதான்.

சட்டம் போட்ட அச்சு

பலகைகள் ஒன்றுபோல இருப்பதற்கு முதல் காரணம் பொறியாளர் அல்ல, அரசாங்கம். ஒரு கார் நிறுவனம் இயந்திரத்தைப் பெரிதாக்கலாம், சக்கரத்தை மாற்றலாம். சி.பி. வானொலி செய்பவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. எந்த அலைவரிசை, எத்தனை அலைவரிசை, எவ்வளவு இடைவெளி, எத்தனை வாட் என்று எல்லாவற்றையும் சட்டமே சொல்லிவிடுகிறது. ஏ.எம். முறையில் 4 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. பக்கத்து அலைவரிசைக்குள் சிந்தக்கூடாது. எல்லாரும் ஒரே தேர்வுத்தாளை எழுதும்போது விடைகளும் ஒன்றுபோலத்தானே இருக்கும்?

அதோடு அங்கீகாரச் செலவு வேறு. அமெரிக்காவில் எஃப்.சி.சி. என்ற கூட்டரசுத் தொடர்பு ஆணையத்தின் சோதனையில் தேறிய வடிவமைப்பைத்தான் விற்க முடியும். ஒருமுறை தேறிய பலகையைக் கலைத்துப் புதிதாக வரைவதைவிட, அதையே வேறு பெட்டிக்குள் வைத்து விற்பது எளிது. பொத்தான் எங்கே, விளக்கு என்ன நிறம், முகப்பில் குரோம் பூச்சு உண்டா என்பதில்தான் போட்டி நடந்தது.

14 படிகங்களின் காலம்

இரண்டாவது காரணம் கணக்கு. கொஞ்சம் நுட்பமானதுதான், ஆனால் ரசிக்கத்தக்கது.

வானொலி ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டுமானால், உள்ளே தாளம் தப்பாத ஒன்று துடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது குவார்ட்ஸ் படிகம். கைக்கடிகாரத்தில் இருப்பதும் அதே இனம்தான். அமெரிக்காவில் 1958இல் 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி. தொடங்கியபோது 23 அலைவரிசைகள். ஒவ்வோர் அலைவரிசைக்கும் பேச ஒன்று, கேட்க ஒன்று என்று படிகம் வைத்தால் 46 படிகங்கள் தேவை. விலை யாருக்குக் கட்டுப்படியாகும்? ஆகவே பொறியாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். 6 படிகங்கள் ஒரு பக்கம், 4 படிகங்கள் இன்னொரு பக்கம்; இரண்டையும் கலந்தால் 24 சேர்க்கைகள் கிடைக்கும். பேசுவதற்கு ஒரு நால்வர், கேட்பதற்கு ஒரு நால்வர். மொத்தம் 14 படிகங்களில் 23 அலைவரிசைகளும் வந்துவிட்டன. இதைவிடச் சிக்கனமான வழி அதிகம் இல்லாததால், கம்பெனிக்குக் கம்பெனி அதே சூத்திரம் திரும்பத் திரும்ப வந்தது.

1977 ஜனவரி 1ஆம் தேதி அமெரிக்கா 23ஐ 40 ஆக்கியது. அதோடு படிகக் கூட்டத்தின் காலம் முடிந்தது, பி.எல்.எல். என்ற சில்லு அந்த இடத்துக்கு வந்தது. ஒரே ஒரு படிகத்தின் துடிப்பை வைத்துக்கொண்டு, அதிலிருந்து வகுத்து வகுத்து எல்லா அலைவரிசைகளையும் உண்டாக்கும் வித்தை அது. ஒரு நட்டுவாங்கனார் ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டு மேடையில் உள்ள அத்தனை பேரையும் ஆட வைப்பதுபோல.

சி.பி. பலகைகளில் அந்தப் படிகத்தின் மேல் பெரும்பாலும் 10.240 என்று பொறித்திருக்கும். ஏன் இந்த எண்? 10.24 மெகாஹெர்ட்ஸை 1024ஆல் வகுத்தால் சரியாக 10 கிலோஹெர்ட்ஸ் வரும். அலைவரிசைக்கு அலைவரிசை இருக்கும் படி அளவும் அதுவே. இரண்டால் பத்து முறை வகுத்தால் 1024 ஆகிவிடும் என்பதால் சில்லுக்கு இது மிக எளிய வேலை. இன்னொரு லாபமும் உண்டு. உள்ளே வரும் அலையை முதலில் 10.695 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்குகிறார்கள். அதிலிருந்து 10.240ஐக் கழித்தால் 0.455 கிடைக்கும். 455 கிலோஹெர்ட்ஸ் என்பது வீட்டு வானொலிப் பெட்டிகள் பல காலமாகப் பயன்படுத்திவரும் அளவு. அந்த அளவுக்கான வடிகட்டிகள் சந்தையில் மலிவாகக் குவிந்து கிடந்தன. ஆக, ஒரு படிகம், இரண்டு வேலை. இப்படி ஒரு பொருத்தம் கண்ணில் பட்ட பிறகு வேறு எண்ணைத் தேடுவதற்கு யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை.

இடையில் ஒரு குட்டிக் கதை. 26.965 முதல் 27.405 வரை 10 கிலோஹெர்ட்ஸ் படியில் எண்ணினால் 45 இடங்கள் வரும், 40 அல்ல. மீதமுள்ள 5 இடங்கள் தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளுக்கு ஒதுக்கப்பட்டவை. பிள்ளைகளின் பொம்மைக் கார் பெட்டியில் '27 மெகாஹெர்ட்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அண்டை வீட்டுக்காரர்தான்.

பி.எல்.எல். சில்லுகளைச் செய்தவற்றில் சான்யோ, ஃபுஜிட்சு, என்.இ.சி. போன்ற சில ஜப்பானிய நிறுவனங்கள் முக்கியமானவை. இந்தச் சில்லுகள் சிலவற்றில் ஒரு நாட்டின் அலைவரிசை அட்டவணையே உள்ளே பதிந்திருக்கும். சான்யோவின் எல்.சி.7132 அமெரிக்காவின் 40 அலைவரிசைகளைத் தெரிந்து வைத்திருந்தது. எல்.சி.7137 பிரிட்டனின் 40 அலைவரிசைகளைத் தெரிந்து வைத்திருந்தது. பிரிட்டன் 1981 நவம்பர் 2ஆம் தேதி சி.பி.யைச் சட்டபூர்வமாக்கியபோது 27.60125 முதல் 27.99125 வரை எஃப்.எம். மட்டும் என்று தனி வழி போனது. அதனால் அந்நாட்டுக் கடைகளில் எத்தனையோ பெயர்களில் விற்ற பெட்டிகளுக்குள் அந்த ஒரே சில்லு உட்கார்ந்திருந்தது. சில்லு ஒன்றானால் அதைச் சுற்றி வைக்க வேண்டிய மின்தடை, மின்தேக்கி எல்லாம் சில்லு செய்த நிறுவனமே கொடுத்த வரைபடத்தின்படிதான் அமையும். பலகை ஒன்றாகாமல் என்ன செய்யும்?

பிறந்த வீடு இரண்டு, புகுந்த வீடு பல

மூன்றாவது காரணம்தான் பெரியது. பெட்டியின் முகப்பில் பெயர் போட்டவர் வேறு, பெட்டியைச் செய்தவர் வேறு.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வேகக் கட்டுப்பாடு வந்தது. எங்கே எரிபொருள் கிடைக்கும், எங்கே போலீஸ் நிற்கிறது என்று லோரி ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள சி.பி.யைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அது ஊர் முழுவதும் பரவிய மோகமானது. வானொலி செய்த அனுபவமே இல்லாத வணிகர்கள்கூடத் தங்கள் பெயரில் ஒன்று வேண்டும் என்று ஜப்பானுக்கு ஓடினார்கள். அங்கே அவர்களுக்குச் செய்து கொடுக்கச் சில தொழிற்சாலைகள் தயாராக இருந்தன. அவற்றில் முதன்மையானவை இரண்டு: யூனிடென், சைபர்நெட்.

யூனிடென் 1966இல் தொடங்கிய நிறுவனம். பிரசிடென்ட் என்ற பெயரிலும் பின்னர் தன் சொந்தப் பெயரிலும் விற்றது. கோப்ரா போன்ற பிறருக்கும் செய்து கொடுத்தது. சி.பி. பிரியர்கள் இன்றும் போற்றும் கோப்ரா 148 ஜி.டி.எல்., பிரசிடென்ட் கிராண்ட் இரண்டும் உள்ளே உடன்பிறப்புகள். இரண்டிலும் ஃபுஜிட்சுவின் எம்.பி.8719 சில்லுதான் துடித்தது. கோப்ரா 146 ஜி.டி.எல்., யூனிடென் பி.சி.122, ரியலிஸ்டிக் டி.ஆர்.சி.453 என்ற மூன்றும் பி.சி.833 என்ற ஒரே பலகையில் எழுந்தவை. மூன்றும் மூன்று கடையில், மூன்று விளம்பரத்தோடு விற்றன.

சைபர்நெட்டின் கதை சோகமானது. அது தன் பலகைகளில் பி.டி.பி.எம். என்று தொடங்கும் எண்ணைப் பொறித்துப் பற்பல நிறுவனங்களுக்கு அனுப்பியது. 40 அலைவரிசை வரப்போகிறது என்று 1976இல் அறிவிப்பு வந்ததும் 23 அலைவரிசைப் பெட்டிகளை வாங்குவதை மக்கள் நிறுத்திவிட்டார்கள். கிடங்குகளில் சரக்கு தேங்கியது, விலை சரிந்தது. அமெரிக்காவில் ஹை-கெயின் என்ற பெரிய நிறுவனம் நொடித்துப் போனது. பிறருக்காகவே செய்துகொண்டிருந்த சைபர்நெட்டும் தள்ளாடியது. 1979இல் கியோத்தோவின் கியோசெரா நிறுவனம் அதற்குக் கைகொடுத்தது; 1982இல் தன்னோடு இணைத்துக்கொண்டது. கியோசெராவை நிறுவிய கசுவோ இனமோரி இந்தக் கதையைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். இன்று அலுவலகங்களில் ஓடும் கியோசெரா அச்சுப்பொறிகளுக்குப் பின்னால் ஒரு காலத்தில் சி.பி. பலகை செய்த கைகளும் உண்டு.

பிறர் பெயருக்காகச் செய்து கொடுக்கும் இந்த முறை மலேசிய வாசகர்களுக்குப் புதிதல்ல. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கியதிலிருந்து மின்னணு ஆலை வேலை நம் குடும்பங்களுக்கு நன்கு பழகிய ஒன்று. ஒரே வரிசையில் ஓடும் பலகைக்குக் காலையில் ஒரு பெட்டியும் மாலையில் வேறு பெட்டியும் பொருத்துவது மின்னணு ஒப்பந்தத் தொழிலின் அன்றாட நடைமுறை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் மலிவு மாடலும் விலை உயர்ந்த மாடலும்கூட ஒரே பலகையைப் பகிர்ந்துகொள்வது உண்டு. மலிவுப் பெட்டியைத் திறந்தால் பலகையில் சில துளைகள் காலியாக இருக்கும். அங்கே உட்கார வேண்டிய உறுப்புகள் விலை உயர்ந்த மாடலில் மட்டும் இருக்கும். ஏற்றுமதிக்கும் அப்படியே. இந்தியா 2005இல் 26.957 முதல் 27.283 வரை மட்டும் உரிமமின்றி அனுமதித்தது. பிரிட்டன் வேறு, ஆஸ்திரேலியா வேறு. நாட்டுக்கு நாடு பலகையை வரைந்துகொண்டிருக்காமல், ஒரே பலகையில் சில்லையோ ஒரு கம்பி இணைப்பையோ மாற்றி அனுப்பினார்கள்.

கையடக்கப் பெட்டிக்குள் ஒரே சில்லு

பழைய கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இன்று இணையக் கடைகளில் கொட்டிக் கிடக்கும் சீன வாக்கி-டாக்கிகளில் இந்த உறவு முறை இன்னும் நெருக்கமாகிவிட்டது. பாவ்ஃபெங் பி.எஃப்.888எஸ் என்ற சிறிய கருவியும் ரெட்டெவிஸ் எச்.777 என்ற கருவியும் ஒரே அச்சில் வார்த்தவை. 2012இல் வந்து உலகெங்கும் விற்ற பாவ்ஃபெங் யு.வி.5ஆர் கருவியில், முன்பு ஒரு பலகை முழுக்கப் பரவியிருந்த வேலைகளில் பெரும்பகுதியை ஆர்.டி.ஏ.1846 என்ற விரல்நகக் கால்வாசிச் சில்லு செய்துவிடுகிறது. சில்லே வானொலி என்று ஆன பிறகு, கருவிகளுக்குள் வேறுபட என்ன மிச்சம் இருக்கிறது?

இங்கேதான் வாங்குபவர் கவனமாக இருக்க வேண்டும். பலகை ஒன்று என்பதால் கருவி ஒன்று என்று ஆகாது. வடிகட்டி நல்லதா, ஆலையை விட்டு வருமுன் சரியாகச் சுருதி சேர்த்தார்களா, தண்ணீர் புகாமல் அடைத்தார்களா என்பதில் வித்தியாசம் இருக்கும். ஒற்றைச் சில்லுக் கருவிகளுக்குப் பொதுவான பலவீனமும் ஒன்று உண்டு. பக்கத்தில் பலமான அலைபரப்பி இருந்தால் அவற்றின் காது அடைத்துப்போகும். சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளைக் கடந்து ஏறினால் வரும் குனோங் பிரிஞ்சாங் உச்சி 2,000 மீட்டருக்கு மேலான உயரம். எட்டத்தில் உள்ளவரையும் பிடிக்க அருமையான இடம்தான். ஆனால் அங்கேயே தொலைத்தொடர்புக் கோபுரங்களும் நிற்கின்றன. கோபுரத்தின் காலடியில் நின்று பேசினால், நெற்றியில் ஒட்டிய பெயர் எதுவானாலும், உள்ளே ஒரே சில்லு உள்ள கருவிகள் ஒரே மாதிரி திணறக்கூடும். சற்றுத் தள்ளி நின்று பேசிப் பார்க்கலாம்.

சட்டச் சிக்கல் அதைவிட முக்கியம். யு.வி.5ஆர் போன்ற கருவி 136 முதல் 174 வரையிலும், 400க்கு மேல் 477ஐயும் தாண்டியும் பேசக்கூடியது. அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதி உரிமம் பெற்றவருக்குத் தன் எல்லைக்குள் அது பயனுள்ள கருவி. உரிமம் இல்லாதவர் அதே கருவியில் கண்ட எண்ணை அழுத்திப் பேசினால், காவல் துறையோ மருத்துவச் சேவையோ பயன்படுத்தும் அலைவரிசையில் குறுக்கிட நேரலாம். ஆலையிலிருந்து வரும்போதே பதிந்திருக்கும் அலைவரிசைகள் மலேசிய அட்டவணைக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதே பலகை பல நாடுகளுக்குப் போகிறது அல்லவா? கோயில் திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தத் தொண்டர்களுக்கு வாங்குவதானாலும், தோட்டத்தில் தண்டலுக்கும் லோரிக்கும் இடையே பேசுவதற்கு வாங்குவதானாலும், சிரிம் சோதனையில் தேறி ஆணையத்தின் முத்திரை ஒட்டியதா என்று முதலில் பாருங்கள். உள்ளே அதே சில்லுதான் இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். முத்திரை இல்லாத கருவிக்கு அது அனுமதி ஆகாது.

எந்த அலைவரிசை வகை என்பதும் மலையில் பெரிய விஷயம். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அது குன்றின் முதுகை ஓரளவு வளைந்து கடக்கும்; ஆனால் கால் அலை ஆண்டெனா என்றாலே இரண்டே முக்கால் மீட்டர் கம்பி வேண்டும், சட்டைப்பையில் அடங்காது. 477இல் அதே கால் அலை 16 சென்டிமீட்டர்தான். கையில் பிடிக்க வசதி, குன்று குறுக்கிட்டால் பேச்சு நின்றுவிடும். எந்தப் பெயர் பெட்டியை வாங்குவது என்று யோசிக்கும் நேரத்தில் பாதியை ஆண்டெனாவுக்குக் கொடுப்பது நல்லது.

பழுது பார்க்கும் மேசையில்

ஒரே பலகை என்பதால் உண்மையில் லாபம் அடைபவர் பழுது பார்ப்பவர். பழைய சி.பி. பெட்டி ஒன்று ஊமையாகி வந்தால், முகப்பில் உள்ள பெயரை வைத்துக்கொண்டு வரைபடம் தேடினால் கிடைக்காமலே போகலாம். மூடியைத் திறந்து பலகையின் ஓரத்தில் பொறித்துள்ள எண்ணைப் படித்தால், அதே பலகை கொண்ட வேறு பெயர்ப் பெட்டியின் வரைபடம் அப்படியே உதவும். சந்தையில் நின்றுபோன உறுப்பு ஒன்று தேவைப்பட்டால், செத்துப்போன உடன்பிறப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நோய்களும் குடும்ப நோய்களே. வயதான மின்தேக்கிகள் வற்றிப்போய்க் குரல் கரகரக்கும். கேமரன் மலையின் ஈரத்தில் செப்புத் தடங்கள் பச்சை பூத்து, பொத்தானை அழுத்தும் இடத்தில் தொடர்பு விட்டுப்போகும். ஒலிவாங்கிக் கம்பி வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருக்கும். 'பெட்டி போய்விட்டது' என்று வருபவற்றில் இதையும் முதலிலேயே பார்த்துவிடலாம்.

மின் இணைப்பை மாற்றிக் கொடுப்பது இன்னொன்று. இந்தப் பெட்டிகள் 13.8 வோல்ட்டுக்கு அமைந்தவை. பெரிய லோரிகளின் மின் அமைப்பு 24 வோல்ட். இடையில் மின்னழுத்தக் குறைப்பி வைக்காமல் நேராக இணைத்தால், எந்தப் பெயர்ப் பெட்டியானாலும் முதலில் பாதுகாப்பு டையோடும் ஃபியூசும் போகலாம். ஃபியூசுக்குப் பதில் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்திருந்தால் அடுத்து ஒலிபெருக்கிச் சில்லு போகும், அதற்கடுத்து அலைபரப்பும் டிரான்சிஸ்டர். முதல் இரண்டும் சில ரிங்கிட் சமாச்சாரம். மூன்றாவது, நான்காவது வரை போய்விட்ட பெட்டியையும் உடனே குப்பையில் போட வேண்டாம். பலகை எண்ணை ஒரு தாளில் எழுதி அதன் மேல் ஒட்டி, காய்ந்த இடத்தில் எடுத்து வையுங்கள். அதில் உள்ள 10.240 படிகம் அநேகமாக நன்றாகத்தான் இருக்கும்.